கல் நிறைந்த பனியாற்றுக் காட்டு மண்ணில் இறுகிய அடுக்கைக் கண்டறிவது எப்படி? குழி தோண்டுவது முதல் மூடுவது வரை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைக்காடுகளில் மார்லோ என்றொரு மண் உண்டு. மாநில மரம், மாநிலப் பறவை மாதிரி, அந்த மாநிலத்தின் அடையாள மண்ணாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதும் அதுதான். தெற்கே மாசசூசெட்ஸ் பக்கம் இறங்கினால் அதன் பங்காளி பாக்ஸ்டன். இரண்டிலும் மேலே இரண்டு மூன்று அடிக்குப் பொலபொலவென்ற மண், அதில் நிறையக் கல். அதற்குக் கீழே சிமெண்ட் தளம் போட்டது மாதிரி ஓர் அடுக்கு. ஒரு காலத்தில் அந்த நிலத்தின் மேல் நகர்ந்த பனிப்பாளம், தன் அடியில் அரைத்து, தேய்த்து, அமுக்கிவிட்டுப் போன படிவு அது. ஊர்க்காரர்கள் ‘ஹார்ட்பேன்’ என்பார்கள்.

அந்த அடுக்கு எத்தனை சென்டிமீட்டரில் தொடங்குகிறது என்ற ஒரே ஓர் எண்ணைச் சரியாக எழுத வைப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. வேர் எவ்வளவு இறங்கும், பனி உருகும் காலத்தில் தண்ணீர் எங்கே தேங்கும், வீடு கட்டினால் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் செப்டிக் வடிகாலை எங்கே போடலாம் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கருவி நின்ற ஆழத்தையே அடுக்கு தொடங்கிய ஆழம் என்று எழுதிவிடுகிறார்கள். முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

1. ஒரு வாரம் முன்பே முடிக்க வேண்டியவை

நில உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அடுத்து, தோண்டும் இடத்தில் நிலத்தடிக் குழாய், கேபிள் இருக்கிறதா என்று குறியிடச் சொல்ல 811 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். மெயின், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் ஐந்துக்கும் ‘டிக் சேஃப்’ அமைப்பு பதில் சொல்லும். குழாய், கேபிள் நிறுவனங்கள் வந்து குறியிடச் சில நாட்கள் ஆகும். காட்டுக்குள் என்ன குழாய் இருக்கப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். பழைய காட்டுப்பாதை ஓரங்களில் கேபிள் போயிருக்கும்.

மண் வரைபடத்தை இணையத்திலேயே பார்க்கலாம். அமெரிக்க வேளாண் துறையின் ‘வெப் சாயில் சர்வே’ இலவசம். ஆனால் வரைபடத்தில் மார்லோ என்று போட்டிருந்தால், அந்தப் பரப்பின் பெரும்பகுதி மார்லோ என்றுதான் பொருள். நீங்கள் தோண்டப்போகும் நாலடி இடத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. அதனால் பக்கத்து மண்களின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது மார்லோ, பெரு, பில்ஸ்பரி, பீச்சம் என்று ஈரம் ஏறிக்கொண்டே போகும். பாக்ஸ்டன் குடும்பத்தில் அதே வரிசை பாக்ஸ்டன், உட்பிரிட்ஜ், ரிட்ஜ்பரி, விட்மன். அடியில் உள்ள படிவு ஒன்றுதான், தண்ணீர் நிற்கும் காலம்தான் வேறு.

பருவத்தைப் பொறுத்தவரை செப்டம்பர், அக்டோபர் எனக்குப் பிடித்தவை. ஏப்ரல், மே மாதங்களில் குழி கிணறாகிவிடும். நல்ல வெயில் காய்ந்த ஆகஸ்டில் எல்லா அடுக்குமே இறுகித் தெரியும், மேல் மண்கூட ஏமாற்றும். ஆனால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வசந்த காலம்தான் வேண்டும். ஆகவே முடிந்தால் இரண்டு முறை போங்கள்.

உண்ணி பற்றி ஒரு வார்த்தை. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்கு அந்தப் பெயர் வந்தது பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் லைம் ஊரிலிருந்துதான். பேண்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள், மாலையில் உடம்பைச் சோதியுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய கருவிகள்

முதல் கருவி கடப்பாரை. ஐந்தடி நீளம், ஒரு முனை கூர், ஒரு முனை உளி. நம் ஊரில் கிணறு வெட்டுபவர் வைத்திருப்பது மாதிரிதான். இரண்டாவது, குறுகிய நீண்ட தகடு கொண்ட மண்வாரி. அகலமான மண்வாரி இந்த மண்ணில் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கல்லில் முட்டும். மூன்றாவது பிக்காசு. வேர் வெட்ட ஒரு கிளைக்கத்தரி, ஒரு சிறு ரம்பம். மண்வாரியால் வேரை வெட்டப் பார்த்தால் சுவர் இடிந்துவிடும்.

ஆராய்வதற்கு: கொத்தனார் கரண்டி, மழுங்கிய கத்தி, அளவு நாடா, தண்ணீர் தெளிப்பான், மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் நிற அட்டைப் புத்தகம், 2 மி.மீ. சல்லடை, தொங்கு தராசு, வாளி, கெட்டியான பாலித்தீன் தாள், இரண்டு தார்ப்பாய்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். கருங்கல்லில் ஓங்கிக் குத்தினால் தெறிக்கும் சில்லு எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது.

மண் துளைக்கும் ஆகர் எங்கே என்று கேட்பீர்கள். கொண்டுவாருங்கள், ஆனால் நம்பாதீர்கள். ஏன் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

3. இடம் தேர்வு: மேடும் வேண்டாம், குழியும் வேண்டாம்

இந்தக் காடுகளில் தரை அலை அலையாக இருக்கும். மரம் வேரோடு சாயும்போது வேரில் ஒட்டிய மண்ணையும் கல்லையும் தூக்கிக்கொண்டு சாய்கிறது. வேர் மட்கியதும் அந்த மண் ஒரு மேடாகிறது, வேர் இருந்த இடம் பள்ளமாகிறது. அடியில் இறுகிய அடுக்கு இருப்பதால் வேர் ஆழமாகப் போகாமல் தட்டையாகப் படர்கிறது. அதனால்தான் இந்த மண்ணில் மரம் இப்படிச் சாய்வது அதிகம். 1938 செப்டம்பர் 21 அன்று அடித்த பெரும் சூறாவளியில் விழுந்த மரங்களின் மேடுகளை, இந்த வடகிழக்கு மாநிலங்களைச் சேர்த்துச் சொல்லும் நியூ இங்கிலாந்தின் காடுகளில் இன்றும் பார்க்கலாம்.

மேட்டில் தோண்டினால் அடுக்குகள் தலைகீழாகவோ ஒன்றுக்குள் ஒன்று புதைந்தோ வரும். பள்ளத்தில் தோண்டினால் இலைச்சருகு மட்டும் ஓரடி இருக்கும். இரண்டுமே அந்தச் சரிவின் உண்மையைச் சொல்லாது. இரண்டுக்கும் இடைப்பட்ட சமதரையைத் தேடுங்கள். பெரிய மரத்திலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், பழைய கல்வேலியிலிருந்தும் தள்ளி நில்லுங்கள்.

கல்வேலி இருக்கிறது என்றாலே அந்தக் காடு ஒருகாலத்தில் வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தது என்று பொருள். உழுதிருந்தால் மேலே 15 முதல் 20 செ.மீ. வரை ஒரே நிறம், அதன் அடியில் கோடு கிழித்தது போன்ற எல்லை. இயற்கையான அடுக்கு இப்படி நேர்கோட்டில் முடியாது. தோண்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

தோண்டுவதற்கு முன்பே தரைமேல் கிடக்கும் கல்லையும் கணக்கெடுத்துவிடுங்கள், பிறகு நீங்கள் போடும் கல்லும் அதில் கலந்துவிடும். பரப்பில் 0.1 முதல் 3 சதவீதம் வரை பெரிய கல்லும் பாறையும் மூடியிருந்தால் ‘மிகக் கல்லான’ பரப்பு, 3 முதல் 15 வரை ‘மிக மிகக் கல்லான’ பரப்பு. கண்ணுக்கு எப்போதும் அதிகமாகத்தான் தெரியும். 3 சதவீதம் என்றாலே நடக்கச் சிரமப்படும் அளவுக்குக் கல் கிடப்பதுபோல் தோன்றும்.

4. கம்பியால் தட்டிப் பார்த்தல்

பத்து மி.மீ. தடிமனான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, ஒரு மீட்டர் இடைவெளியில் ஐந்தாறு இடங்களில் சுத்தியலால் இறக்குங்கள். கல்லில் பட்டால் ‘டிங்’ என்று சத்தம் வரும், கையில் அதிரும், கம்பி ஓர் இம்மிகூட நகராது. இறுகிய அடுக்கில் பட்டால் சத்தம் மொத்தையாக இருக்கும். ஓங்கி அடித்தால் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஐந்தில் நான்கு இடங்களில் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் மொத்தைச் சத்தம் வந்தால், அடுக்கு அங்கே இருக்கலாம் என்று ஊகிக்கலாம். 20, 55, 33, 71 என்று கண்டபடி நின்றால் நீங்கள் கல்லைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகரில் இந்த வேறுபாடு தெரியாது, நின்றுவிடும், அவ்வளவுதான். திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்த தம்பி ஒருவர் முதல் நாள் ஆகரை முறுக்கிவிட்டு, “அண்ணா, 38-ல பாறை வந்துடுச்சு” என்றார். ஒரு அடி தள்ளிப் போடச் சொன்னேன். 64 வரை போனது. மூன்றாவது துளை 22-ல் நின்றது. “எதை எழுதட்டும்ணா?” என்று கேட்டார். எதையும் எழுத வேண்டாம், குழி தோண்டலாம் என்றேன்.

இந்தப் படியில் கிடைப்பது ஊகம் மட்டுமே. குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள்.

5. குழி: அளவும் தோண்டும் வரிசையும்

ஒரு மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம் போதும். ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டி, இறுகிய அடுக்குக்குள் குறைந்தது 30 செ.மீ. இறங்க வேண்டும். அடுக்கைத் தொட்டதும் நிறுத்திவிட்டால் அது உண்மையான அடுக்கா, பெரிய கல்லின் முதுகா என்று சொல்ல முடியாது. மார்லோவிலும் பாக்ஸ்டனிலும் அது பெரும்பாலும் 50 முதல் 100 செ.மீ.க்குள் தொடங்கும், அதனால் 130 செ.மீ. ஆழத்துக்குத் தயாராகப் போங்கள். நாலடியைத் தாண்டினால் ஏறி இறங்க ஏணி வேண்டும். ஐந்தடிக்கு மேல் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. தனியாகத் தோண்டாதீர்கள்.

பார்க்கப்போகும் சுவரை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வெளிச்சம் நேராக விழும் பக்கம், சரிவின் மேற்பக்கம். அந்தப் பக்கத்து விளிம்பில் யாரும் மிதிக்கக் கூடாது, மண்ணும் கொட்டக் கூடாது. புதியவர்கள் செய்யும் இரண்டாவது தவறு இது. தோண்டுகிற வேகத்தில் நல்ல சுவரின் மேலேயே மண்ணைக் குவித்துவிடுவார்கள். பிறகு மேலே உள்ள இலைமட்கு நசுங்கி 6 செ.மீ. இருந்தது 3 ஆகிவிடும்.

மேல்மண்ணை ஒரு தார்ப்பாயில், அடிமண்ணை இன்னொன்றில், கல்லைத் தனியாகக் குவியுங்கள். மூடும்போது இந்தப் பிரிப்பு உங்கள் முதுகைக் காப்பாற்றும்.

பெரிய கல் நடுவில் வந்தால் சுற்றிலும் தோண்டி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கடப்பாரையால் நெம்பி எடுக்கலாம். ஆடவில்லை என்றால் மதியம்வரை மல்லுக்கட்டாமல் குழியை அரை மீட்டர் நகர்த்துங்கள். ஆனால் சுவரில் பாதி நீட்டிக்கொண்டிருக்கும் கல்லை எடுக்காதீர்கள். அதுவும் தரவுதான், எடுத்தால் சுவரும் கூடவே சரியும்.

6. சுவரைச் சுத்தம் செய்தல்

மண்வாரி தேய்த்த சுவர் பொய் சொல்லும். அதன் மேல் பளபளவென்று ஒரு பூச்சு படிந்திருக்கும். கத்தி முனையால் மேலிருந்து கீழாக, சிறு சிறு கட்டியாகக் குத்திப் பெயர்த்தெடுங்கள். வழிக்காதீர்கள். வழித்தால் மண்ணின் இயல்பான கட்டமைப்பு அழிந்துபோகும், குறிப்பாக அடியில் உள்ள தகடுகள்.

காய்ந்திருந்தால் தெளிப்பானால் ஈரமாக்குங்கள். இறுக்கத்தை எப்போதும் ஈரநிலையில்தான் சோதிக்க வேண்டும். காய்ந்த நிலையில் சோதித்தால் நல்ல மண்ணும் செங்கல்லாகத் தெரியும்.

7. பூஜ்ஜியம் எங்கே?

சிறிய படிதான், ஆனால் இதைத் தவறவிட்டால் எல்லா எண்ணும் தவறு. அமெரிக்க மண் அளவையில் 1993 முதல் இலைமட்கு அடுக்கின் உச்சியைத்தான் பூஜ்ஜியமாக வைக்கிறார்கள். நேற்று விழுந்த, மட்கத் தொடங்காத சருகை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். அதற்கு முன்பு கனிம மண் தொடங்கும் இடம்தான் பூஜ்ஜியம், இலைமட்கை அதிலிருந்து மேல்நோக்கி அளந்தார்கள். பழைய குறிப்போடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு, “அடுக்கு 8 செ.மீ. கீழே போயிருக்கிறதே” என்று திகைக்காதீர்கள். அந்த 8 செ.மீ. இலைமட்கு.

எந்தப் பூஜ்ஜியம் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

8. மேலிருந்து அடுக்குகளைப் பிரித்தல்

முதலில் விலகி நின்று பாருங்கள், பிறகு கிட்டே போங்கள். நிறம் மாறும் இடங்களில் குச்சியைச் செருகுங்கள். உழாத மார்லோவில் பெரும்பாலும் இப்படி வரும் (ஓ, ஈ, பி, சி என்பவை மண்ணியலில் அடுக்குகளுக்கு வைத்திருக்கும் ஆங்கில எழுத்துப் பெயர்கள்): மேலே ஓ என்கிற இலைமட்கு. அதன் கீழ் மெல்லிய கருமண், சில இடங்களில் இருக்காது. பிறகு சாம்பல் நிறத்தில் ஈ என்ற அடுக்கு, அதுவும் விட்டுவிட்டு. அதற்கடியில் திடீரென்று செம்பழுப்பாக பி அடுக்கு, போகப்போக மஞ்சள் பழுப்பாக வெளிறும். கடைசியில் ஆலிவ் கலந்த சாம்பல் பழுப்பில் சி.

பாக்ஸ்டன் வெப்பம் சற்று அதிகமான தெற்குப் பகுதியைச் சேர்ந்தது. அதில் அந்தச் சாம்பல் அடுக்கும் செம்பழுப்பும் இப்படிப் பளிச்சென்று இருக்காது, மஞ்சள் பழுப்பு பி அடுக்கு நேராக சி-க்குப் போகும்.

இங்கே இரண்டு தவறுகள் வாடிக்கை. சாம்பல் நிற ஈ அடுக்கைப் பார்த்ததும் “காட்டுத்தீ சாம்பல்” என்பார்கள் சிலர், “தண்ணீர் தேங்கியதால் வெளுத்தது” என்பார்கள் சிலர். இரண்டும் இல்லை. ஊசியிலை, இலைமட்கு இவற்றிலிருந்து இறங்கும் அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. மிஞ்சுவது வெறும் குவார்ட்ஸ் மணலின் நிறம். கரைந்துபோன இரும்புதான் கீழே செம்பழுப்பாகப் படிகிறது. ஆகவே அந்தச் சிவப்பையும் தண்ணீர்த் தடமாக எழுதக் கூடாது.

எல்லைகள் நேராக இருக்காது. ஒரு எண் எழுதாதீர்கள், “32 முதல் 41 வரை அலைபாய்கிறது” என்று எழுதுங்கள்.

9. இறுகிய அடுக்கை நிரூபித்தல்

இந்த வேலையின் உயிர் இந்தப் படி, அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள், கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். சுவரைக் கலைக்காத சோதனைகள் முதலில், கலைப்பவை பின்னால்.

முதலில் வேரைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு பத்து செ.மீ.க்கும் மெல்லிய வேர்களை எண்ணுங்கள். இறுகிய அடுக்கின் தலைக்கு வந்ததும் வேர்கள் இறங்காமல் தொண்ணூறு பாகை திரும்பிப் பக்கவாட்டில் ஓடும். சில குழிகளில் அந்த இடத்தில் பாய் விரித்தது மாதிரி வேர்ப்பின்னல் கிடக்கும். கீழே வேர் இருந்தால் அது விரிசலுக்குள் மட்டும்தான், தட்டையாக நசுங்கி இருக்கும். ஆழத்தை முதலில் வேரை வைத்துக் குறியுங்கள். நம் கைக்கு வலு கூடலாம் குறையலாம், வேர் ஆண்டு முழுவதும் முட்டிப் பார்த்து எழுதிய கோடு அது.

அடுத்து கத்தி. மேலிருந்து கீழாக 5 செ.மீ.க்கு ஒரு முறை ஒரே வலுவில் குத்துங்கள். பி அடுக்கில் கைப்பிடிவரை போகும் கத்தி, இறுகிய அடுக்கில் ஒரு சென்டிமீட்டரோடு நிற்கும். கல்லில் பட்டால் ஓரமாக நகர்த்திக் குத்துங்கள். வேர் திரும்பிய கோடும் கத்தி நின்ற கோடும் ஓரிரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் நல்ல அறிகுறி.

மூன்றாவது, கட்டமைப்பு. ஒரு பெரிய கட்டியைப் பெயர்த்தெடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பனிப்பாளத்தின் அடியில் அமுங்கிய படிவு பெரும்பாலும் தரைக்கு இணையாகத் தகடு தகடாகப் பிரியும், பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உரிவது மாதிரி. கல்லைப் புரட்டினால் அதன் மேல்முதுகில் வழவழவென்று வண்டல் தொப்பி போட்டிருக்கும். சில கற்களில் ஒரே திசையில் கீறல்கள் இருக்கும், ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். நீள்வாட்டுக் கற்கள் ஒரே திசை நோக்கிப் படுத்திருந்தால் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், பனி நகர்ந்த திசை அதுவாக இருக்கலாம். பாஸ்டனின் பங்கர் ஹில் மாதிரியான நீள்முட்டை வடிவக் குன்றுகளும் பனி போன போக்கில்தான் நீண்டு கிடக்கின்றன.

நான்காவது, உடைத்துப் பார்ப்பது. மூன்று செ.மீ. அளவில் ஈரமான கட்டி ஒன்றை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள். பி அடுக்குக் கட்டி தொட்டதும் உதிரும். இறுகிய அடுக்குக் கட்டிக்கு விரலின் முழு வலுவும் வேண்டும், சில சமயம் இரண்டு கையும் வேண்டும். அழுத்தும்போது எப்படி உடைகிறது என்பதையும் கவனியுங்கள். களிமண் என்றால் பிசைந்து தட்டையாகும். இது அப்படி நசுங்காது, பிஸ்கெட் மாதிரி சட்டென்று முறியும்.

இங்கேதான் பலர் “கெட்டியாக இருக்கிறது, ஆகவே களிமண்” என்று எழுதுவார்கள். கெட்டி வேறு, களி வேறு. அந்தக் கட்டியை உள்ளங்கையில் நொறுக்கி, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்து, பெருவிரலால் நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டு செ.மீ. நீளுவதற்குள் அறுந்துவிழும், விரலில் மணல் நறநறக்கும். அது மணற்பாங்கான வண்டல் மண். மேலே உள்ள மண்ணும் கிட்டத்தட்ட அதே கலவைதான். மாறியது இடைவெளி மட்டும்தான். காற்றுக்கும் தண்ணீருக்கும் இருந்த இடத்தைப் பனியின் எடை பிழிந்து எடுத்துவிட்டது.

ஐந்தாவது சோதனை வீட்டில். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய கட்டிகள் நாலைந்தை நிழலில் நன்றாகக் காயவைத்து, கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மூழ்கவிடுங்கள். குமிழ் விட்டுக்கொண்டே கரைந்து குவியலானால், அடுக்கைப் பிடித்து வைத்திருப்பது நெருக்கம் மட்டுமே, ஒட்டும் பொருள் எதுவும் இல்லை. மறுநாளும் கட்டி அப்படியே இருந்தால் அது இரும்பாலோ வேறு ஏதாலோ ஒட்டிப்போன அடுக்கு, அல்லது சிதைந்த பாறை. அதற்கு வேறு பெயர்.

சரி, என்ன எழுதுவது? பனி அமுக்கிய, பெரிதாக மாற்றம் அடையாத படிவு என்றால் ‘சிடி’. சி என்பது அடிப்படிவு, டி என்பது வேரைத் தடுக்கும் நெருக்கத்துக்கான ஒட்டு. ஃபிராஜிபேன் என்று இன்னொரு உறவினர் உண்டு, ஒட்டு ‘எக்ஸ்’. அதுவும் சட்டென்று முறியும், அதுவும் தண்ணீரில் கரையும். ஆகவே நான்காம், ஐந்தாம் சோதனைகள் இரண்டையும் பிரித்துக் காட்டா. மண் உருவாகும் போக்கிலேயே ஏற்பட்ட அடுக்கு அது. பெரிய பெரிய செங்குத்துத் தூண்களாகப் பிரிந்து, தூண்களுக்கு நடுவே வெளிறிய கோடுகள் ஓடும். மேலிருந்து பார்த்தால் பலகோண வலை மாதிரி தெரியும். நியூயார்க் மாநிலத் தெற்குப் பகுதியின் மார்டின், வொலூசியா மண்களில் அதைப் பார்க்கலாம். தூணும் கோடும் இல்லாமல் ‘எக்ஸ்’ போடாதீர்கள். நியூ இங்கிலாந்தின் பழைய மண் அறிக்கைகளில் இதே அடுக்குக்கு ‘எக்ஸ்’ போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம், பெயரிடும் முறை பின்னால் மாறியது.

10. கல் கணக்கும் அடர்த்தியும்

இரண்டு மி.மீ.க்கு மேல் 75 மி.மீ. வரை சரளை, 250 வரை உருண்டைக்கல், 600 வரை பெருங்கல், அதற்கு மேல் பாறை. ஒவ்வொரு அடுக்கிலும் கல் எத்தனை சதவீதம் என்பதைப் பருமனில் சொல்ல வேண்டும், எடையில் அல்ல. இந்த வேறுபாடு பெரியது. மேல் அடுக்கில் நுண்மண் லேசானது, லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். கல் லிட்டருக்கு ஏறக்குறைய 2.65 கிலோ. சல்லடையில் எடைபோட்டு 40 சதவீதம் கல் வந்தால் பருமனில் அது 20 சதவீதம்தான். 35-ஐத் தாண்டினால் மண்ணின் வகைப்பாடே மாறிவிடும் என்பதால், எடையை அப்படியே எழுதினால் இல்லாத மண் ஒன்றை உருவாக்கிவிடுவீர்கள்.

அடர்த்தி பார்க்க உருளைக்குழாய் அடிக்கும் முறை இங்கே செல்லாது. குழாய் கல்லில் மோதி வளையும், அல்லது கல் இல்லாத இடத்தை மட்டுமே தேர்ந்தெடுத்துவிடும். பதிலாக, அடுக்கின் மேல்பரப்பைச் சமமாக்கி, இரண்டு லிட்டர் அளவில் சிறு பள்ளம் வெட்டி, வெட்டிய அத்தனையையும் பையில் போடுங்கள். பள்ளத்தில் பாலித்தீன் தாளை விரித்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, எவ்வளவு பிடித்தது என்று அளந்துகொள்ளுங்கள். அதுதான் பருமன்.

ஓர் உதாரணம். பள்ளம் 2 லிட்டர், உலர்த்திய பின் மொத்த எடை 3.9 கிலோ, அதில் கல் 0.8 கிலோ. கல்லின் பருமன் 0.3 லிட்டர். மிச்சம் 3.1 கிலோ நுண்மண், 1.7 லிட்டரில். அடர்த்தி 1.82. கல்லைக் கழிக்காமல் போட்டிருந்தால் 1.95 வந்திருக்கும், அடுக்கு இருப்பதைவிட இறுக்கமாகத் தெரிந்திருக்கும். இறுகிய அடுக்கில் 1.7-க்கு மேல் 2.0 வரை எதிர்பார்க்கலாம், மேலே உள்ள காட்டு மண்ணில் 1-ஐ ஒட்டி இருக்கும்.

மொத்தக் காட்டின் மண் எடையே தேவை என்றால் இதே யோசனையைப் பெரிதாக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் அரை சதுர மீட்டர் சட்டம் வைத்து, குழியிலிருந்து வந்த மண், கல், வேர் எல்லாவற்றையும் அடுக்கடுக்காக எடைபோட்டார்கள். சட்டத்தின் உள்பக்கம் 71 செ.மீ.க்கு 71 செ.மீ. இருந்தால் அந்த அளவு வரும். இது ஒருநாள் வேலை அல்ல, இரண்டு பேர் வேலையும் அல்ல.

11. தண்ணீரின் தடம்

இறுகிய அடுக்குக்குள் தண்ணீர் மணிக்குச் சில மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். பனி உருகும்போது வரும் தண்ணீர் அதன் தலையில் தேங்கி, சரிவோடு பக்கவாட்டில் வழியும். ஒரு மே மாதக் குழியில் 62 செ.மீ.யில் சுவர் வியர்த்து, நூல் நூலாக நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. 80-ல் கத்தியால் பெயர்த்த கட்டி வெறும் ஈரமாகத்தான் இருந்தது. நிலத்தடி நீர்மட்டம் கீழிருந்து ஏறி வரும் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது புதிராக இருக்கும். இங்கே தண்ணீர் மாடியில் நிற்கிறது.

வறண்ட பருவத்தில் அதன் தடத்தைத்தான் தேட வேண்டும். அடுக்குக்குச் சற்று மேலேயும் அதன் தலையிலும் ஆரஞ்சுப் புள்ளிகளும் பக்கத்திலேயே சாம்பல் திட்டுகளும் இருக்கின்றனவா பாருங்கள். இரண்டும் ஜோடியாக இருக்க வேண்டும். இரும்பு ஓரிடத்தில் கரைந்து இன்னோரிடத்தில் படிந்ததற்கான சான்று அது. ஆரஞ்சு மட்டும் தனியாக இருந்தால் உள்ளே ஒரு கல் மட்கிக்கொண்டிருக்கலாம், கத்தியால் நோண்டிப் பாருங்கள்.

தடம் தொடங்கும் ஆழத்தைத் தனியாக எழுதுங்கள். மாசசூசெட்ஸ் விதிப்படி செப்டிக் வடிகாலின் அடிக்கும் உச்ச நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது நாலடி வேண்டும். பாக்ஸ்டன் சரிவுகளில் வீட்டுக்குப் பக்கத்தில் செயற்கை மேடு போட்டு வடிகால் அமைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

12. மாதிரி எடுப்பதும் மூடுவதும்

விவரிப்பது மேலிருந்து, மாதிரி எடுப்பது கீழிருந்து. மேலே முதலில் எடுத்தால் உதிரும் கருமண் கீழ் அடுக்கில் விழுந்து கலந்துவிடும். அடுக்குக்கு ஒரு கிலோ போதும். பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. மூன்று பை ஈரத்தில் மை அழிந்து, எது எது என்று தெரியாமல் ஒரு முழுநாள் வேலையைக் குப்பையில் போட்டபிறகுதான் நான் பென்சிலுக்கு மாறினேன்.

நாடா தொங்கவிட்டு, நிழலில், சுவரைப் படம் எடுங்கள். இலைவழி விழும் வெயில்புள்ளிகள் அடுக்கின் நிறத்தைக் கெடுத்துவிடும், குடை பிடித்தால் போதும்.

மூடும்போது பெருங்கற்கள் முதலில், பிறகு அடிமண், கடைசியில் மேல்மண், அதன்மேல் சருகு. இறுகிய அடுக்கிலிருந்து வெட்டிய மண் அதே இடத்துக்குள் திரும்ப அடங்காது, எவ்வளவு மிதித்தாலும் ஒரு குவியல் மிஞ்சும். அதைச் சரிவின் கீழ்ப்பக்கம் பரப்பிவிடாமல் குழியின் மேலேயே கூம்பாகக் குவித்துவிடுங்கள். அடுத்த வசந்தத்தில் மண் அமர்ந்து, தரை ஏறக்குறைய சமமாகியிருக்கும்.